சம்கௌர்ப் போரும் ஜஃபர் நாமாவும்: ஓர் ஆய்வு

இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வகைகளுள் படைப்போர் குறிப்பிடத்தக்கது. முஸ்லிம் வீரர்களின் களச்செயல்களைப் பாடும் அந்நூல்களைப் பற்றி வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, முஸ்லிம் படை வென்ற போர்களைப் பற்றித்தான் பாடம் இருக்கிறது. முஸ்லிம் அரசர் பக்கம் நியாயம் இல்லாத போர் ஒன்றும் நடந்ததில்லையா? அத்தகைய போரில் நாம் யார் பக்கம் நிற்பது?" என்று வினவினார். மற்ற மாணவர்கள் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. அன்று மணி அடிக்கும்வரை நான் கூறிய மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினாவுக்கு உரிய விடையைத் தேடிச் சென்றபோது கிடைத்த ஒரு போரையும், அப்போரின் பின் எழுந்த ஒரு கடிதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பஞ்சாபில் சட்லெஜ் ஆற்றை அடுத்துள்ள சம்கௌர் என்னும் சிற்றூரில் சீக்கியரின் பத்தாம் குருவான குரு கோவிந்த் சிங் அவர்களுக்கும் முகலாயப் படைக்கும் நிகழ்ந்த போர் அது. 1704 டிசம்பரில் நடந்தது என்பது பெருவழக்கு. 1705 என்பாரும் உளர். போர் நீடித்தது ஒரு பகலே. ஒருபுறம் நின்றவர்கள் ஏறத்தாழ நாற்பதின்மர். எண்ணிக்கையால் நோக்கின் வரலாற்று நூலில் ஒரு வரிக்கு மேல் இடம்பெறத் தகாத இப்போர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பஞ்சாபின் நெஞ்சில் ஆறாத வடுவாக நிலைத்துவிட்டது. அதற்குக் காரணம் களத்தில் மட்டும் இல்லை. களத்துக்கு முன்னர்ச் செய்யப்பட்ட ஓர் ஆணையிலும் இருக்கிறது.

பகையும் நட்பும் மாறிய களங்கள்

சீக்கியர்க்கும் முகலாயர்க்கும் நிகழ்ந்த போர்கள் என்றவுடன் இரு சமயங்கள் எதிரெதிர் நின்று மோதியதாக எண்ணுவது இயல்பாகிவிட்டது. ஐந்தாம் குரு அர்ஜன் தேவ் 1606-இல் ஜஹாங்கீர் ஆட்சியில் உயிர் துறந்ததும், ஒன்பதாம் குரு தேக் பகதூர் 1675-இல் தில்லியில் ஔரங்கசீப் ஆட்சியில் கொல்லப்பட்டதும் மறுக்கவியலாத செய்திகள். அவற்றை மறைத்துவிட்டு நல்லிணக்கம் பேசுவது பொய்யின்மேல் வீடு கட்டுவதாகும். எனினும் போர்க்களங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குங்கால் படம் வேறாகத் தெரிகிறது.

குரு கோவிந்த் சிங் அவர்கள் பொருத முதற்பெரும் போர் 1688-இல் யமுனைக் கரையை ஒட்டிய பங்காணியில் நிகழ்ந்தது. எதிரே நின்றவர்கள் இமயமலைச் சாரலின் இந்து அரசர்கள். குருவின் படையில் இருந்த பட்டாணிய வீரர் பலர் கூலிக்கு ஆசைப்பட்டு அணி மாறினர். அவ்வீரர்களைப் பரிந்துரைத்து அனுப்பியவர் சதௌரா என்னும் ஊரைச் சேர்ந்த பீர் புத்து ஷா. செய்யித் பத்ருத்தீன் என்பது அவருடைய இயற்பெயர். தாம் பரிந்துரைத்தவர்கள் வாக்குத் தவறினர் என்று கேட்டதும், தம் மக்களையும் உடன்பிறந்தாரையும் முரீதுகள் எழுநூற்றுவரையும் அழைத்துக்கொண்டு அந்தப் பீர் களத்துக்கே வந்துவிட்டார் என்றும், அங்குத் தம் மக்களுள் இருவரை இழந்தார் என்றும் சீக்கிய மரபு நன்றியோடு நினைவுகூர்கிறது.

மூன்றாண்டு கழித்து, 1691-இல், நாதௌன் என்னுமிடத்தில் இன்னொரு போர். பங்காணிப் போருக்கு முன்பிருந்தே குருவோடு பிணங்கி நின்ற கஹ்லூர் நாட்டரசர் பீம் சந்த் இப்போது குருவின் பக்கம் நின்றார். இருவரும் சேர்ந்து முகலாயத் தளபதி அலிஃப் கானை எதிர்த்தனர். பின்னர் அதே கஹ்லூர் அரசமரபு முகலாயரோடு கூடிக் குருவை முற்றுகையிட்டது. திறையும் நிலவுரிமையும் மலைநாட்டில் யாருடைய முரசு ஓங்கி ஒலிப்பது என்ற போட்டியும் இந்த அணிமாற்றங்களை நடத்தின. சமயம் அவற்றுக்கு அவ்வப்போது போர்த்திக்கொள்ளும் போர்வையாயிற்று.

1699-ஆம் ஆண்டு வைசாகித் திருநாளில் ஆனந்தபூரில் கால்சா அமைப்பைக் குரு நிறுவினார். அதன்பின் ஆனந்தபூர் வெறும் மடமாக இல்லை. கோட்டைகளும் படையும் உடைய ஒரு நிலையமாயிற்று. அருகிருந்த கஹ்லூர் அரசர் அதனைப் பொறுக்கவில்லை. மலையரசர்கள் பேரரசருக்கு முறையீடு அனுப்பினர். சிர்ஹிந்தின் ஃபௌஜ்தாரான வஜீர் கான் முகலாயப் படையோடு வந்து அவர்களுடன் சேர்ந்தார்.

ஆணையும் ஆறும்

1704-இல் நடந்த முற்றுகை பல மாதங்கள் நீண்டது. நமது இலக்கணம் உழிஞை என்று பெயரிடும் மதில் வளைத்தலில் எத்தனை துறை உண்டோ அத்தனையும் அங்கு நிகழ்ந்தன. ஆனால் அகத்தே இருந்தோரை வீழ்த்தியது பசியே. உணவு வரும் வழிகளெல்லாம் அடைக்கப்பட்டன. பசி தாங்காத வீரர் சிலர் குருவை விட்டு விலகிச் சென்றனர் என்பதனையும் சீக்கிய மரபு மறைப்பதில்லை.

அந்நிலையில் ஓர் உடன்பாடு வந்தது. கோட்டையை விட்டு வெளியேறினால் எவரும் தாக்கப்படமாட்டார். விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்பது அதன் சாரம். முகலாய அலுவலர் திருமறை குர்ஆன்மீது ஆணையிட்டனர். மலையரசர்கள் தம் சமயத்துப் புனிதங்களின்மீது ஆணையிட்டனர். இரண்டு சமயங்களின் பெயராலும் செய்யப்பட்ட வாக்கு அது என்பது கருதத்தக்கது.

குளிர்கால இரவொன்றில் குருவும் குடும்பத்தாரும் வீரரும் ஆனந்தபூரை விட்டு வெளியேறினர். சில கல் தொலைவு செல்லுமுன்னர்ப் பின்னிருந்து தாக்குதல் தொடங்கிற்று. எதிரே சர்சா என்னும் காட்டாறு, மழையால் பெருகி ஓடிற்று. நூல்களும் சுவடிகளும் உயிர்களும் அவ்வெள்ளத்தில் போயின. குருவின் தாயார் மாதா குஜ்ரியும் இளைய மக்கள் இருவரும் ஒரு திசையில் பிரிந்தனர். மூத்த மக்களான அஜித் சிங், ஜுஜார் சிங் ஆகிய இருவரும் நாற்பது வீரரும் குருவோடு சம்கௌரை அடைந்தனர். குடும்பம் பிரிந்த இடத்தில் இன்று 'பரிவார் விச்சோடா' என்னும் குருத்துவாரா நிற்கிறது. பிரிவுக்கு ஒரு கோயில் எழுப்பிய மக்கள் உலகில் அதிகம் இருக்கமாட்டார்கள்.

மண்சுவர்க் கோட்டை

சம்கௌரில் மேட்டின்மேல் ஒரு மண்சுவர் மாளிகை இருந்தது. அதனையே அரணாகக் கொண்டனர். மறுநாள் போர் தொடங்கியது. அம்பும் மருந்தும் குறைந்தபோது ஐவர் ஐவராக வெளியே சென்று பொருது மடிந்தனர். மூத்தவர் அஜித் சிங் பதினேழு பதினெட்டு வயதினர், தந்தையிடம் விடைபெற்றுச் சென்றார், திரும்பவில்லை. பின்னர்ப் பதினான்கு வயதையொத்த ஜுஜார் சிங் சென்றார், அவரும் திரும்பவில்லை. கால்சா நிறுவப்பட்ட நாளில் முதலில் தலைகொடுக்க முன்வந்த 'அன்புக்குரிய ஐவருள்' முகம் சிங், ஹிம்மத் சிங், சாஹிப் சிங் ஆகிய மூவரும் அன்று அங்கே வீழ்ந்தனர்.

இரவு வந்தபோது எஞ்சியோர் மிகச் சிலர். அவர்கள் கால்சாவின் பெயரால் குருவுக்கே கட்டளையிட்டு அவரை வெளியேறச் செய்தனர் என்பது மரபு. தலைவன் தொண்டர்களின் கட்டளைக்குப் பணிந்த இந்நிகழ்ச்சியைச் சீக்கியர் தம் சமுதாய அமைப்பின் அடித்தளமாகவே போற்றுவர். சங்கத் சிங் என்பவர் குருவின் உடையும் தலைச்சூட்டும் அணிந்து அரணிலேயே தங்கி, விடிந்தபின் பொருது மாண்டார்.

இங்கு ஒரு சொல். முகலாயப் படை பத்து இலட்சம் என்று கூறும் வழக்கு உண்டு. அவ்வெண் செய்யுளில் வருவது. பாட்டில் வரும் எண்ணைப் படைக்கணக்காகக் கொள்ளல் ஆகாது. அச்சிற்றூரில் அத்தனை பேர் நிற்கவும் இடமில்லை. பகைப்படை மிகப் பெரிது என்ற அளவோடு நிறுத்துவதே ஆராய்ச்சிக்கு அழகு. மாணவர்கள் தேர்வுத்தாளில் இதனை நினைவிற் கொள்க.

மாச்சிவாரா வழியில்

வெளியேறிய குரு மாச்சிவாராக் காடுகளை அடைந்தார். தேடுதல் படை சுற்றிலும் இருந்தது. அங்கு அவருக்கு உதவியோர் நபி கான், கனி கான் என்னும் பட்டாணியச் சகோதரர் இருவர். முன்பு குருவிடம் குதிரை விற்று அறிமுகமானவர்கள். குருவுக்கு நீலநிற ஆடை அணிவித்துப் பல்லக்கில் அமர்த்தித் தாமே தோள்கொடுத்துச் சுமந்தனர். வழியில் வினவியோர்க்கு, "இவர் உச்சு நகரத்துப் பீர்" என்று விடை கூறினர். ஐயுற்ற படைத்தலைவன் ஒருவன் அடையாளம் காட்டுமாறு காஜி பீர் முகம்மது என்பவரை அழைத்தான் என்றும், குருவுக்கு இளமையில் பாரசீகம் கற்பித்தவரான அந்தக் காஜி, "ஆம், பீரே" என்று உரைத்துத் தம் மாணாக்கரைக் காத்தார் என்றும் வரலாறு வழங்குகிறது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இந்தக் காஜியின்மேல் தனி அன்பு உண்டு.

பின்னர் ராய்க்கோட்டையின் முஸ்லிம் தலைவர் ராய் கல்லா குருவுக்கு இடமளித்தார். சிர்ஹிந்தில் இளைய மக்களின் நிலை என்னவென்று அறிந்துவர நூரா மாஹி என்னும் தம் ஏவலரை அனுப்பியவரும் அவரே. விருந்தோம்பலுக்கு நன்றியாகக் 'கங்கா சாகர்' என்னும் கெண்டியொன்றைக் குரு அவருக்கு அளித்தார். அந்தக் கெண்டியை அக்குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் போற்றிக் காத்தனர். 1947-இல் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தபோதும் அதனை உடன் எடுத்துச் சென்றனர். வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போனவர்கள் அதனை விடவில்லை.

சிர்ஹிந்தில் எழுந்த ஒரு குரல்

நூரா மாஹி கொண்டுவந்தது கொடிய செய்தி. குருவின் வீட்டில் சமையல் செய்துவந்த கங்கு என்பவனே மாதா குஜ்ரியையும் பேரர் இருவரையும் காட்டிக்கொடுத்தான். ஒன்பது வயதினர் என்று மரபு கூறும் ஜோராவர் சிங்கும், ஆறு வயதினர் என்று கூறும் ஃபதே சிங்கும் வஜீர் கானின் அவையில் நிறுத்தப்பட்டனர். சமயம் மாறினால் உயிர் உண்டு என்றனர். சிறுவர் மறுத்தனர். அவர்களை உயிரோடு சுவரில் வைத்துக் கட்டினர் என்றும், பின்னர்க் கொன்றனர் என்றும், அச்செய்தி கேட்டுப் பாட்டியாரும் உயிர்நீத்தார் என்றும் கூறுவர். பாம்பின் குட்டியும் பாம்பே என்னும் பொருள்படப் பேசிக் கொலையைத் தூண்டியவர் திவான் சுச்சா நந்த். தண்டனைக்குக் காஜி ஒருவரின் தீர்ப்பு பெறப்பட்டது என்பதும் மரபுச் செய்தியே. அதனையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

அந்த அவையில் ஒருவர் எழுந்தார். அவர் மாலேர்கோட்லா நவாப் ஷேர் முகம்மது கான். அவர் குருவின் நண்பர் அல்லர், பகைவர். அவருடைய உடன்பிறந்தார் ஒருவர் குருவின் படையோடு பொருது மாண்டார் என்பர். பழிவாங்க அவருக்கே உரிமை அதிகம் என்று கருதி வஜீர் கான் அச்சிறுவரை அவரிடம் ஒப்படைக்க முன்வந்தார் என்றும், நவாப் மறுத்துவிட்டார் என்றும் மரபு கூறுகிறது. பகை தந்தையோடு, அதற்குப் பால்மணம் மாறாத பிள்ளைகளைக் கொல்வது ஷரீஅத்துக்கு முரண் என்று கூறி அவர் அவையை விட்டு வெளியேறினார். 'ஹா தா நாரா' என்று சீக்கியர் இன்றும் அதனைக் குறிப்பிடுவர். துயரும் மறுப்பும் கலந்த கூக்குரல் என்பது கருத்து. அப்பெயரிலேயே மாலேர்கோட்லாவில் ஒரு குருத்துவாராவும் உண்டு.

நவாப் புதிய கருத்து எதனையும் கூறிவிடவில்லை. போரில் பெண்டிரையும் சிறுவரையும் கொல்லலாகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தமை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயம் கூறும் நெறி. முதற் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் சிரியா நோக்கிச் சென்ற படைக்கு அளித்த அறிவுரையும் இதுவே. சிர்ஹிந்து அவையில் இவற்றை அறிந்தவர் பலர் இருந்திருப்பர். வாய்திறந்தவராக வரலாறு நினைவில் வைத்திருப்பது ஒருவரைத்தான்.

நூற்றுப் பதினொரு பைத்துகள்

நான்கு மக்களையும் தாயையும் இழந்த நிலையில் தீனா என்னும் ஊரில் தங்கிக் குரு கோவிந்த் சிங் அவர்கள் 1705-இல் பேரரசர் ஔரங்கசீப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். பாரசீக மொழியில், செய்யுளில் அமைந்த கடிதம். ஜஃபர் நாமா என்பது அதன் பெயர். வெற்றி மடல் என்று பொருள். (இதனை ஸகரமிட்டு 'ஸஃபர் நாமா' என்று எழுதினால் பயண நூல் என்று பொருள்பட்டுவிடும். தமிழெழுத்தில் பாரசீகச் சொற்களை எழுதுவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.) அனைத்தையும் இழந்த ஒருவர் தம் மடலுக்கு வெற்றி என்று பெயரிட்டதேன் என்பதே இந்நூலைக் கற்பவர் எழுப்ப வேண்டிய முதல் வினா.

புலவர் தம் கருத்தை அரசர்க்குப் பாட்டாலேயே எழுதி அனுப்புவதைத் தமிழில் சீட்டுக்கவி என்போம். ஜஃபர் நாமா அவ்வகைக்கு உறவானது. எனினும் பரிசில் வேண்டுவது அன்று, கணக்குக் கேட்பது. மௌலிது மஜ்லிஸ்களில் நாம் ஓதும் பைத்து என்னும் சொல்லே பாரசீகத்தில் ஈரடிக் கண்ணியைக் குறிக்கும். இக்கடிதம் அத்தகைய பைத்துகள் நூற்றுப் பதினொன்றால் ஆனது. பதிப்பு வேறுபாட்டால் ஒன்று கூடுவதும் உண்டு. ஃபிர்தௌஸியின் ஷாஹ் நாமாவும் சஅதீயின் போஸ்தானும் எந்த யாப்பில் அமைந்தனவோ அதே முதகாரிப் யாப்பிலேயே இதுவும் இயங்குகிறது. ஃபிர்தௌஸியின் பெயரைக் குருவே கூறுகிறார். வேறு வழியெல்லாம் அடைபட்ட பின்னரே வாளெடுத்தல் ஆகும் என்று பொருள்படும் புகழ்பெற்ற பைத்து சஅதீயை அடியொற்றியது என்பர் அறிஞர். பேரரசர் எந்த நூல்களைப் பயின்று வளர்ந்தாரோ அந்நூல்களின் ஓசையிலேயே அவருக்குக் குற்றப்பத்திரிகை செல்கிறது.

தொடக்கத்தில் உள்ள பன்னிரண்டு பைத்துகளும் இறைவாழ்த்து. அருளாளன், உணவளிப்போன், மன்னிப்போன், ஒப்பிலான் என்று இறைவனைப் போற்றும் அப்பகுதியைத் தனியே எடுத்து ஒருவர் கையில் கொடுத்தால், பாரசீக முஸ்லிம் புலவர் ஒருவரின் ஹம்து என்றே கொள்வார். அடுத்த பைத்திலேயே குற்றச்சாட்டு தொடங்கிவிடுகிறது. உம் ஆணையை நான் நம்பவில்லை. ஏக இறைவனைச் சாட்சியாக வைத்தீர். சாட்சியை நீரே பொய்யாக்கினீர் என்பது அதன் கருத்து. இனி நூறு முறை குர்ஆன்மீது ஆணையிட்டாலும் அணுவளவும் நம்புவதற்கில்லை என்று பின்னரும் வலியுறுத்துகிறார்.

இவ்விடத்தை விரைந்து படிப்போர் ஒரு பிழை செய்தல் கூடும். குருவின் சினம் குர்ஆனை நோக்கியது என்று எண்ணிவிடுவர். உண்மை நேர்மாறானது. குர்ஆனுக்கு அவர் அளித்த மதிப்பே அவரைக் கோட்டைக்கு வெளியே அழைத்து வந்தது. அந்த ஆணையை நம்பியிராவிடில் இவ்வழிக்கே வந்திரேன் என்று அவரே எழுதுகிறார். பேரரசரின் வீரம், அறிவுக்கூர்மை, தோற்றப் பொலிவு, ஈகை ஆகியவற்றை ஒன்றுவிடாமல் பாராட்டிவிட்டு, ஆயினும் தீனிலிருந்து நீர் தொலைவில் நிற்கிறீர் என்று முடிக்கும் பகுதி இக்கடிதத்தின் உச்சம். அவர் ஔரங்கசீப்பை நிறுத்தும் வழக்குமன்றம் சீக்கியரின் மன்றம் அன்று. ஔரங்கசீப் எந்த மார்க்கத்தின் பெயரால் ஆண்டாரோ அந்த மார்க்கத்தின் மன்றமே. மலையரசரோடு தமக்குள்ள பகையை விளக்குமிடத்தும், அவர்கள் சிலை வழிபடுவோர், தாம் அவ்வழியினர் அல்லர் என்று எடுத்துக்காட்டுகிறார். இச்சண்டையை இரு சமயப் போராக வரைந்து காட்டுவோர் இந்தப் பைத்தை எங்கே வைப்பார்களோ அறியேன்.

களவருணனை சிறிதே. பசித்த நாற்பதின்மர் திடீரெனச் சூழ்ந்த பெரும்படையை எதிர்த்து என்ன செய்தல் இயலும் என்று கேட்கிறார். நாஹர் கான் என்னும் தலைவர் தம் அம்புக்கு இரையானதைக் கூறுகிறார். சுவருக்குப் பின்னே ஒளிந்துகொண்ட 'குவாஜா' ஒருவரை எள்ளுகிறார். பின்னர், வெள்ளம்போல் வந்து பாய்ந்த அஃப்கானிய வீரர் ஒருவரைக் காட்டுகிறார். அவர் மீண்டும் மீண்டும் தாக்கியதையும், புண்பட்டும் பின்வாங்காமல் இருவரைக் கொன்று தாமும் உயிர்கொடுத்ததையும் எழுதும்போது குருவின் எழுதுகோலில் வெறுப்பு இல்லை. பகைவனாயினும் முகத்திற் புண் ஏற்றோனைப் பாடும் புறத்திணை மரபில் ஊறிய நமக்கு இந்த இடம் அயலாகத் தோன்றாது.

மற்றொன்றும் நோக்கற்பாலது. பகைத்தலைவர் நாஹர் கானின் பெயர் இக்கடிதத்தில் உண்டு. அஜித் சிங்கின் பெயரோ ஜுஜார் சிங்கின் பெயரோ இல்லை. இளையோர் இருவரின் பெயரும் இல்லை. குழந்தைகள் நால்வர் மாண்டால் என்ன, சுருண்ட அரவம் எஞ்சியிருக்கிறது என்னும் கருத்தில் ஒரே ஒரு பைத்து வருகிறது. அவ்வளவே. தந்தையின் துயரத்தைக் காட்டி இரக்கம் பெற அவர் விரும்பவில்லை. தீப்பொறிகளை அவித்துவிட்டுப் பெருநெருப்பை மூட்டுவது ஆண்மையா என்று கேட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். புலம்பல் இல்லாத கையறுநிலை இது.

ஹுதைபிய்யாவின் அளவுகோல்

இக்கடிதத்தைப் படிக்கும் முஸ்லிம் மாணவர்க்கு ஹுதைபிய்யா நினைவுக்கு வராமற் போகாது. ஹிஜ்ரி 6-இல் மக்கா குறைஷியருடன் உடன்பாடு எழுதப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இஸ்லாத்தை ஏற்றதற்காகக் காலில் விலங்கிடப்பட்டிருந்த அபூ ஜந்தல் (ரலி) தப்பி வந்து முஸ்லிம்களிடையே விழுந்தார். மக்காவிலிருந்து வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது உடன்பாட்டின் ஒரு விதி. தோழர்கள் துடித்தனர். உமர் (ரலி) அவர்களின் உள்ளம் கொதித்தது. அண்ணலார் (ஸல்) அபூ ஜந்தலைப் பொறுமை காக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மறுபக்கம் நின்றோர் இணைவைப்போர். பல ஆண்டுகள் போர்தொடுத்தோர். அவர்களுக்குக் கொடுத்த வாக்கும் வாக்கே என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. ஆணைகளை உறுதிப்படுத்திய பின் முறிக்கலாகாது என்று அந்நஹ்ல் அத்தியாயத்தின் 91-ஆம் வசனம் விதிக்கிறது. அவ்விதி யாருக்குக் கொடுத்த ஆணை என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆனந்தபூரில் ஆணையிட்டோரை இந்த அளவுகோலால் அளந்தால் விடை வெளிப்படை. பேரரசர் தக்காணத்தில் இருந்தார். கீழ் அலுவலர் செய்த பிழைக்கு அவர் எங்ஙனம் பொறுப்பாவார் என்று வாதிடுவோர் உளர். அவர் பெயரால் ஆணை இடப்பட்டது. அது முறிந்தபின் சிர்ஹிந்து ஃபௌஜ்தார் பதவியில் நீடித்தார். இவ்விரண்டும் எதிர்நிற்கையில் அவ்வாதம் வலுவிழக்கிறது என்பதே என் துணிபு. ஔரங்கசீப்பின் எளிய வாழ்க்கையையும் மார்க்கப் பற்றையும் நம் மேடைகளில் போற்றுகிறோம். அவற்றில் உண்மை உண்டு. சம்கௌர் வரும்போது மட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுவது முறையாகாது. வகுப்பில் வினவிய மாணவருக்கு நான் இப்போது கூறக்கூடிய மறுமொழி இதுதான்: நபி கானும் கனி கானும் எங்கு நின்றார்களோ, காஜி பீர் முகம்மது எங்கு நின்றாரோ, மாலேர்கோட்லா நவாப் ஒரு நாள் எங்கு எழுந்து நின்றாரோ, அங்கே.

மர்ஸியாவில் சம்கௌர்

கர்பலாவைப் பாடும் உருது இரங்கற்பா வகைக்கு மர்ஸியா என்று பெயர். அவ்வகையைக் கையாண்டு சிர்ஹிந்துச் சிறுவர்களைப் பற்றி 'ஷஹீதானே வஃபா' என்னும் நூலை 1913-இலும், சம்கௌர்ப் போரைப் பற்றிக் 'கஞ்சே ஷஹீதான்' என்னும் நூலை 1915-இலும் இயற்றியவர் ஹக்கீம் அல்லாஹ் யார் கான் ஜோகி என்னும் முஸ்லிம் புலவர். சிலருக்கு எதிரே பலர், முறிந்த வாக்கு, தந்தையிடம் விடைபெற்றுக் களம் புகும் மகன், தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் தலைவனோடு தங்கும் தோழர்கள். ஃபுராத் நதிக்கரையையும் சர்சா ஆற்றங்கரையையும் ஒன்றென்று யாரும் கூறவில்லை. ஆயினும் முஹர்ரம் மாதத்தில் கண்ணீர் வடிக்கப் பழகிய ஒரு நெஞ்சம் சம்கௌரைக் கண்டபோது தனக்குத் தெரிந்த சொற்களிலேயே அழுதது. பிறர் துயரைப் பாட ஒரு சமுதாயம் தன் மிகப் புனிதமான பாவகையை ஈந்தது இலக்கிய வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்கது. தமிழில் இவ்விரு நூல்களையும் பெயர்த்தளிப்பார் வேண்டும். உருதுத்துறையும் தமிழ்த்துறையும் கைகோத்தால் இயலாததன்று.

கடிதத்துக்குப் பின்

ஜஃபர் நாமாவைத் தயா சிங், தரம் சிங் என்னும் இருவர் தக்காணத்திலிருந்த பேரரசரிடம் கொண்டு சென்றனர். குருவோடு இணக்கம் கண்டு, வழிச்செலவும் அளித்து, அவரைத் தம்மிடம் அனுப்பிவைக்குமாறு லாகூரிலிருந்த முன்இம் கானுக்கு ஔரங்கசீப் ஆணை அனுப்பினார் என்பது 'அஹ்காமே ஆலம்கீரி' என்னும் பாரசீகத் தொகுப்பால் தெரியவருகிறது. குருவும் தென்றிசை நோக்கிப் புறப்பட்டார். இருவரும் சந்திக்கவில்லை. 1707-இல் அஹ்மத்நகரில் பேரரசர் காலமானார். அச்செய்தி குருவுக்கு வழியிலேயே கிட்டியது. அவ்வாண்டு ஜூலையில் ஆக்ராவில் புதிய பேரரசர் பகதூர் ஷா குருவுக்குச் சிறப்பாடை வழங்கி வரவேற்றார். அதன்பின் இருவரும் தக்காணம்வரை உடன்சென்றனர். நாந்தேடில் பட்டாணியர் ஒருவரின் கத்திக்குத்துக்கு ஆளான குரு 1708 அக்டோபரில் மறைந்தார்.

1710 மே மாதம் சப்பர்ச் சிரி என்னுமிடத்தில் பந்தா சிங்கின் படை வஜீர் கானைக் கொன்று சிர்ஹிந்தைக் கைப்பற்றியது. அக்களத்தில் மாலேர்கோட்லாவின் ஷேர் முகம்மது கான் வஜீர் கானின் பக்கமே நின்று பொருதார். சிறுவருக்காகக் குரல் கொடுத்தவர் அதனால் தம் அணியை மாற்றிக்கொள்ளவில்லை; சீக்கியரும் அதனால் அவருடைய குரலை மறந்துவிடவில்லை. சிர்ஹிந்து பழிக்கு இரையானபோது மாலேர்கோட்லா தப்பியது. 1947-இல் கிழக்குப் பஞ்சாபெங்கும் குருதி ஓடியபோதும் மாலேர்கோட்லா எல்லைக்குள் கலவரம் நுழையவில்லை. சுற்றுப்புறத்து முஸ்லிம்கள் அங்குப் புகலடைந்தனர். அவ்வூர் 2021-இல் பஞ்சாபின் தனி மாவட்டமாயிற்று.

சிர்ஹிந்தில் சிறுவர் இருவரும் உயிர்நீத்த இடத்தில் ஃபதேகட் சாஹிப் குருத்துவாரா எழுந்துள்ளது. அதன் அண்மையில், அதே சாலையில், முஜத்தித் அல்ஃபஸானி ஷைகு அஹ்மத் சிர்ஹிந்தி (ரஹ்) அவர்களின் ரவ்ளா அமைந்துள்ளது. டிசம்பர்த் திங்கள் இறுதியில் அச்சிறுவர்களின் நினைவு நாள்களில் மக்கள் வெள்ளம்போல் அவ்வூருக்கு வருவர். குளிர் மிகுந்த அந்நாள்களில் வழியெங்கும் லங்கர் நடக்கும். சாலையில் செல்வோர் எவராயினும் நிறுத்திச் சூடான ரொட்டியும் தேநீரும் அளிப்பர், பெயர் கேட்பதில்லை.